குட்டியானைக்கு வேண்டாம், பெரிய பிக்கப்புக்கு வேண்டும்: சரக்கு வண்டி பெர்மிட் வாங்குவது எப்படி? தூத்துக்குடி சிறு தொழில்முனைவோருக்கு ஒரு கைடு

தூத்துக்குடி மாவட்டத்தில் சின்னதாக எந்தத் தொழில் தொடங்கினாலும், சில மாதங்களில் ஒரு கேள்வி வந்து நிற்கும். ‘வாடகை வண்டிக்குக் கொடுக்கிற காசுல சொந்த வண்டிக்கு இ.எம்.ஐ. கட்டிடலாமே?’

கேள்வி நியாயமானதுதான். உப்பளத்தில் இருந்து உப்பு, தருவைகுளத்திலும் வேம்பாரிலும் இறங்குகிற மீன், உடன்குடி கருப்பட்டி, கோவில்பட்டி கடலைமிட்டாய், துறைமுகத்துக்குப் போகிற ஏற்றுமதி சரக்கு என எல்லாமே சக்கரத்தில்தான் ஓடுகிறது. வ.உ.சிதம்பரனார் துறைமுகம் மட்டும் ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கு கையாள்கிறது. முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய இந்தக் கரையில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஆனால், சரக்கு ஏற்றி இறக்கும் வேலை நிற்கவே இல்லை.

டவுன் பேமென்ட் கட்டி வண்டி எடுப்பது எளிது. ஆனால் அந்த வண்டிக்குப் பெர்மிட் வேண்டுமா, எந்தப் பெர்மிட், எங்கே வாங்குவது, வாங்காமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இதில் அபராதம் சின்ன விஷயம். ஒரு விபத்து நடந்தால் வீட்டையே விற்க வேண்டிய நிலை வரலாம். அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: உங்கள் வண்டிக்குப் பெர்மிட் தேவையா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 66-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. சரக்கு வண்டியைப் பொது இடத்தில் ஓட்ட வேண்டுமானால் பெர்மிட் இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. வண்டியில் லோடு இருக்கிறதா, காலியாகப் போகிறதா என்பது கணக்கே இல்லை.

ஆனால் இதே பிரிவு ஒரு முக்கியமான விலக்கையும் தருகிறது. மொத்த வாகன எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை.

இங்கேதான் பலருக்கும் குழப்பம். 3,000 கிலோ என்பது நீங்கள் ஏற்றுகிற லோடின் எடை அல்ல. வண்டியின் சொந்த எடையும், அது ஏற்ற அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச லோடும் சேர்ந்த மொத்தக் கணக்கு அது. உதாரணமாக, வண்டியின் எடை 1,700 கிலோ, ஏற்றக்கூடிய லோடு 1,500 கிலோ என்றால் மொத்தம் 3,200 கிலோ. ‘ஒன்றரை டன் வண்டிதானே’ என்று நினைத்தாலும் பெர்மிட் கட்டாயம்.

2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது நம்ம ஊர் ‘குட்டியானை’, இந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது. லோடு ஆட்டோவும் அப்படித்தான். பிக்கப் வகை வண்டிகளில்தான் கவனம் தேவை. ஒரே கம்பெனி, கிட்டத்தட்ட ஒரே பெயர், ஆனால் ஒரு மாடல் 3,000-க்குள் இருக்கும், அடுத்த மாடல் 3,400-ஐத் தாண்டும். ஷோரூமில் சொல்வதை நம்பாமல், ஆர்.சி.யில் வரப்போகிற மொத்த எடை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு விலக்கும் உண்டு. பேட்டரியில் ஓடும் வாகனங்களுக்கும், எத்தனால், மெத்தனால் எரிபொருள் வாகனங்களுக்கும் பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவித்தது. நகருக்குள் மட்டும் டெலிவரி செய்கிறவர்கள் எலெக்ட்ரிக் சரக்கு வண்டியை யோசிக்க இதுவும் ஒரு காரணம்.

‘என் சரக்கை நானே கொண்டுபோறேன், எனக்கும் பெர்மிட்டா?’

ஆமாம். 1939-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் வாடகைக்கு ஓடும் வண்டி ‘பப்ளிக் கேரியர்’, சொந்தச் சரக்கு மட்டும் ஏற்றுவது ‘பிரைவேட் கேரியர்’ என்று தனித்தனிப் பெர்மிட் இருந்தது. பழைய லாரிகளின் நெற்றியில் ‘பப்ளிக் கேரியர்’ என்று எழுதியிருந்தது அதனால்தான். 1988 சட்டம் அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டது. இப்போது எல்லாமே ‘சரக்கு வாகனம்’ என்ற ஒரே கணக்கு. உங்கள் கடை மூட்டையை உங்கள் குடோனுக்குக் கொண்டுபோனாலும் விதி ஒன்றுதான்.

பெர்மிட் தேவைப்படாத குட்டியானைக்கும் மற்ற எதுவும் தளர்வு இல்லை. மஞ்சள் நம்பர் பிளேட், எஃப்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, சாலை வரி எல்லாமே வேண்டும். பெர்மிட் விலக்கு என்றால் பெர்மிட்டுக்கு மட்டும்தான் விலக்கு.

எந்தப் பெர்மிட் எடுப்பது?

மூன்று வகை தெரிந்திருந்தால் போதும்.

• மாநிலத்துக்குள் ஓடும் சரக்குப் பெர்மிட்: விண்ணப்பத்தில் நீங்கள் கேட்ட பகுதிக்கு மட்டுமே கிடைக்கும். கேட்காத பகுதிக்கோ பாதைக்கோ அதிகாரி தானாகச் சேர்த்துத் தர முடியாது. எனவே ‘இப்போதைக்கு மாவட்டத்துக்குள்ள போதும்’ என்று சுருக்கிக்கொள்ளாமல், அடுத்த ஐந்தாண்டுத் தொழிலை மனதில் வைத்துக் கேளுங்கள்.

• நேஷனல் பெர்மிட்: மற்ற மாநிலங்களுக்கும் ஓட்டலாம். ஆண்டுக்கு 16,500 ரூபாய் ஒருங்கிணைந்த கட்டணமும், 1,000 ரூபாய் அங்கீகாரக் கட்டணமும் உண்டு. 12 வயதைத் தாண்டிய வண்டிக்கு இது கிடைக்காது. மல்டி ஆக்சில் வண்டி என்றால் 15 ஆண்டு வரை. ஒரு கட்டுப்பாடும் உண்டு: வேறு மாநிலத்துக்குள்ளேயே ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்கக் கூடாது. தூத்துக்குடியில் ஏற்றிய உப்பை கொல்லத்தில் இறக்கலாம். கொல்லத்தில் ஏற்றி கொச்சியில் இறக்க முடியாது.

• தற்காலிகப் பெர்மிட்: அதிகபட்சம் நான்கு மாதம். சீசன் நேரத் தேவைக்கும், பெர்மிட் புதுப்பிப்பு விண்ணப்பம் முடிவாகும் வரையிலும் இது கைகொடுக்கும்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதில் முக்கியமான விஷயம் கேரளா. மீனும் உப்பும் கருவாடும் செங்கோட்டை வழியாகவோ களியக்காவிளை வழியாகவோ எல்லை தாண்டுகின்றன. தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லுகிற பெர்மிட்டை வைத்துக்கொண்டு ஆரியங்காவைத் தாண்டினால், அது பெர்மிட் இல்லாமல் ஓட்டியதற்குச் சமம். மாதம் ஒருமுறைதான் கேரளா லோடு என்றால் தற்காலிகப் பெர்மிட் கணக்குக்கு வரும். வாரம் மூன்று டிரிப் என்றால் நேஷனல் பெர்மிட்தான் லாபம். 3,000 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்குப் பெர்மிட் விலக்கு நாடு முழுக்கப் பொருந்தும். ஆனால் அடுத்த மாநிலத்தின் வரி விதி தனி, கிளம்பும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் என்ன கேட்பார்கள்?

பெர்மிட் தருவது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். நடைமுறையில் ஆர்டிஓ அலுவலகம் வழியாகத்தான் எல்லாம் நடக்கும். தூத்துக்குடிக்கு டி.என். 69. கோவில்பட்டிக்கும் திருச்செந்தூருக்கும் தனி அலுவலகங்கள் இருக்கின்றன. உங்கள் முகவரி எந்த எல்லையில் வருகிறதோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசின் ‘பரிவாகன்’ இணையதளத்தில், வாகனம் தொடர்பான சேவைகள் பகுதியில் பெர்மிட் விண்ணப்பம் இருக்கிறது. கட்டணம் எவ்வளவு என்பது பணம் கட்டும் திரையிலேயே தெரியும். ரசீதில் இல்லாத தொகையை யார் கேட்டாலும் அது அரசுக்குப் போகிற பணம் இல்லை.

சட்டத்தின் 77-வது பிரிவு கேட்கும் விவரங்கள் இவை:

• எந்தப் பகுதியில், எந்தப் பாதையில் ஓட்டப் போகிறீர்கள்
• வண்டியின் வகை, கொள்ளளவு
• என்ன மாதிரியான சரக்கு
• வண்டியை நிறுத்தவும் பராமரிக்கவும் ரிப்பேர் பார்க்கவும், சரக்கைப் பத்திரமாக வைக்கவும் என்ன ஏற்பாடு
• இதற்கு முன் சரக்கு ஏற்றிய அனுபவம் உண்டா, என்ன வாடகை வாங்கினீர்கள்
• இந்தத் தொழிலில் வேறு யாருடனாவது ஒப்பந்தம் இருக்கிறதா

நேஷனல் பெர்மிட்டுக்குப் படிவம் 48, அதற்கான அங்கீகாரத்துக்குப் படிவம் 46. கையில் தயாராக வைத்திருக்க வேண்டியவை: ஆர்.சி., எஃப்.சி., நடப்பு இன்ஷூரன்ஸ், வரி கட்டிய விவரம், புகைச் சான்று, முகவரி மற்றும் அடையாளச் சான்று.

‘நமக்குக் குடுப்பாங்களா?’ என்ற பயம் தேவையில்லை. பெர்மிட் விண்ணப்பத்தைச் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்று 80-வது பிரிவே சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், உங்கள் தரப்பைக் கேட்கவும் வேண்டும். அதன் பிறகும் திருப்தி இல்லையென்றால் மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வாய்மொழியாக ‘முடியாது’ என்று சொல்லி அனுப்பினால், எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதம் இருந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும்.

பிரிட்டனில் எப்படி?

அங்கே 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டி ஓட்ட வண்டிக்கு அல்ல, நடத்துகிற ஆளுக்கு லைசென்ஸ். பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றுபவர் முதல் வண்டிக்கு 8,000 பவுண்டு கையிருப்பு காட்ட வேண்டும். வண்டியை எங்கே நிறுத்தப் போகிறார் என்பதை உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும். அக்கம்பக்கத்தினர் ஆட்சேபிக்கலாம்.

இந்தியாவில் பெர்மிட் வண்டியோடு ஒட்டியது: ஒரு வண்டிக்கு ஒரு பெர்மிட். கையிருப்புப் பணம் காட்டத் தேவையில்லை. உள்ளே வருவது நமக்கு எளிது. ஆனால் பிரச்னை வந்தால் தாங்குவதற்கான கையிருப்பு இருக்கிறதா என்று யாரும் முன்கூட்டியே சோதிப்பதில்லை. அந்தக் கணக்கை உரிமையாளரே போட்டுக்கொள்ள வேண்டும்.

பெர்மிட் இல்லாமல் ஓட்டினால்?

2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறையும் 10,000 ரூபாய் அபராதமும் உண்டு. அடுத்த முறை சிறை ஓர் ஆண்டு வரை போகலாம். வண்டியைப் பிடித்து நிறுத்தி வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. மீன் லோடோடு வண்டி இரண்டு நாள் ஸ்டேஷன் வாசலில் நின்றால், அபராதத்தைவிட பெரிய நஷ்டம் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

ஆனால் உண்மையான ஆபத்து இன்ஷூரன்ஸில் இருக்கிறது. ‘இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கோம்ல, அவங்க பாத்துப்பாங்க’ என்று நினைப்பவர்கள் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் அம்ரித் பால் சிங் வழக்கில் சொன்னதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெர்மிட் இல்லாத ஒரு லாரி மோதி பைக்கில் சென்றவர் இறந்த வழக்கு அது. பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது இன்ஷூரன்ஸ் ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறுவது என்றது நீதிமன்றம். இறந்தவர் குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பணம் கொடுக்கும். பிறகு அந்த மொத்தத் தொகையையும் வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். உயிரிழப்பு வழக்குகளில் இழப்பீடு பல லட்சங்களில் வரும். ஒரே ஒரு பிக்கப்பை நம்பித் தொழில் செய்யும் குடும்பத்தால் அதைத் தாங்க முடியாது.

ஆட்களை ஏற்றலாமா?

உப்பள வேலைக்கு, திருச்செந்தூர் கோயிலுக்கு, பனிமய மாதா திருவிழாவுக்கு என்று சரக்கு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றிப்போவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. ‘நம்ம ஊர் ஆளுங்கதான், காசா வாங்குறோம்’ என்பார்கள்.

காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது பெர்மிட் மீறல். அதைவிட முக்கியமாக, சரக்கு வண்டியில் பயணியாகப் போகிறவருக்கு இன்ஷூரன்ஸ் பொறுப்பேற்காது என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கோடு போனால் பாதுகாப்பு உண்டு. ஏற்றி இறக்கும் தொழிலாளர்களைப் பாலிசியில் சேர்த்து பிரீமியம் கட்டியிருந்தால் அவர்களுக்கும் உண்டு. மற்றவர்களுக்கு இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை பாலிசி புதுப்பிக்கும்போது லோடுமேன்கள் எத்தனை பேர் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஓவர்லோடு கணக்கு

உப்பு எடை அதிகமுள்ள சரக்கு. பார்க்க பாதி வண்டிதான் நிறைந்த மாதிரி இருக்கும், எடை மேடையில் ஏறினால் தெரியும். அனுமதிக்கப்பட்ட எடையைத் தாண்டினால் 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000 ரூபாய். இரண்டு டன் கூடுதல் என்றால் 24,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டி நகர முடியாது, இறக்குகிற கூலியும் உங்கள் தலையில்தான்.

டிரைவர் லைசென்ஸ்: ‘பேட்ஜ்’ வேண்டுமா?

இதில் ஒரு நல்ல செய்தி. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை, சாதாரண இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. குட்டியானைக்கும் பிக்கப்புக்கும் தனியாக டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் இல்லை என்ற காரணத்தால் மட்டும் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க முடியாது. ஆபத்தான ரசாயனம் ஏற்றும் வண்டிகளுக்கு இந்தத் தளர்வு பொருந்தாது. அதற்கு டிரைவருக்குத் தனிப் பயிற்சியும் லைசென்ஸில் தனிக் குறிப்பும் தேவை.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் கவனிக்க

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஆர்.சி. பெயர் மாறியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது வழக்கம். பெர்மிட் தானாகப் பெயர் மாறாது. ஆணையத்தின் அனுமதி வாங்கித்தான் அதை உங்கள் பெயருக்கு மாற்ற முடியும். அதுவரை ஓட்டினால் அது உங்கள் பெர்மிட் அல்ல.

குடும்பத் தொழிலில் இன்னொன்றும் முக்கியம். பெர்மிட் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர் மூன்று மாதம் வரை அதே பெர்மிட்டில் ஓட்டலாம். ஆனால் இறந்த 30 நாளுக்குள் ஆணையத்துக்குத் தகவல் தர வேண்டும். துக்கத்தில் இது மறந்துபோகிற விஷயம். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது.

ஐந்தாண்டு முடியும்போது

பெர்மிட் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். முடிவதற்குக் குறைந்தது 15 நாளுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். கடனில் எடுத்த வண்டி என்றால் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்று தேவை. ‘நாளைக்கு வாங்க’ என்று இழுத்தடிக்கிறார்களா? விண்ணப்பம் கிடைத்த ஏழு நாளுக்குள் அவர்கள் சான்று தர வேண்டும் அல்லது காரணத்தோடு மறுக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், அதைக் குறிப்பிட்டு ஓர் உறுதிமொழி கொடுத்து நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம். இதற்கு வசதியாக, சான்று கேட்ட கடிதத்தில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்திருங்கள்.

எஃப்.சி. தேதி தனியாக ஓடும். புது வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டு, அதன் பிறகு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, எட்டு வயதுக்கு மேல் ஆண்டுதோறும். எஃப்.சி. காலாவதியான வண்டிக்குப் பெர்மிட் இருந்தும் பயனில்லை. இரண்டு தேதியையும் போனில் ரிமைண்டராகப் போட்டுவிடுங்கள்.

பிறர் சரக்கையும் ஏற்றப் போகிறீர்களா?

சொந்த லோடு இல்லாத நாளில் வாடகைக்கு ஓட்டுவது தவறில்லை, அதே பெர்மிட் போதும். ஆனால் சரக்கை வாங்கி, ரசீது போட்டு, குடோனில் வைத்து, பல வண்டிகளில் அனுப்புகிற புக்கிங் ஆபீஸ் மாதிரி நடத்தினால் கதை வேறு. 2007-ம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி ‘பொதுச் சரக்கு ஏற்றுநர்’ என்று தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

ஜி.எஸ்.டி.யிலும் இதே கோடுதான். எல்.ஆர். போடாமல் வண்டியை மட்டும் ஓட்டுகிறவருக்குச் சாலைவழிச் சரக்கு வாடகையில் வரி விலக்கு உண்டு. எல்.ஆர். போட ஆரம்பித்தால் நீங்கள் சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி, வரி விதிகள் பொருந்தும். ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு எல்.ஆர். புத்தகம் அச்சடியுங்கள்.

இ-வே பில்: தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால், வெளிமாநிலம் என்றால் 50,000-ஐத் தாண்டினால் தேவை. பொதுவாக 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும். ஜி.எஸ்.டி. இல்லாத உப்புக்கும் பச்சை மீனுக்கும் இ-வே பில் வேண்டாம்.

துறைமுகத்துக்கு லோடு எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஆர்டிஓ பெர்மிட் துறைமுக வாசல் வரைதான். உள்ளே போக வண்டிக்கும் டிரைவருக்கும் தனி நுழைவு அனுமதி எடுக்க வேண்டும்.

வண்டி புக் பண்ணும் முன் ஒரு நிமிட செக்லிஸ்ட்

1. மொத்த வாகன எடை 3,000 கிலோவுக்கு உள்ளேயா, மேலேயா?
2. அடுத்த ஐந்தாண்டில் கேரளா லோடு வருமா?
3. வண்டியை நிறுத்த இடம் இருக்கிறதா? விண்ணப்பத்திலேயே கேட்பார்கள்.
4. இன்ஷூரன்ஸில் லோடுமேன்களுக்கான பிரீமியம் சேர்ந்திருக்கிறதா?
5. பழைய வண்டி என்றால், பெர்மிட் மாற்றித் தருவதாக விற்பவர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா?
6. இ.எம்.ஐ. கணக்கில் இன்ஷூரன்ஸ், எஃப்.சி., வரி, பெர்மிட் கட்டணம் எல்லாம் சேர்ந்திருக்கிறதா?

கடன் தேவைப்படுபவர்கள் முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரை விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே அந்தக் கடனை வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 2024 முதல் 20 லட்சம் வரை வரம்பு உயர்ந்திருக்கிறது. மேலே உள்ள ஆறு கேள்விக்கும் பதில் எழுதிக்கொண்டு வங்கிக்குப் போனால், அங்கே கேட்கிற திட்ட அறிக்கையில் பாதி வேலை முடிந்திருக்கும்.